டாக்டர் பக்கத்தை எங்கே வைத்தீர்கள்?

டீன்ஏஜ் பெண்களுக்காகவும், அதற்கும் கீழே எட்டு வயது, பத்து வயதுச் சிறுமிகளுக்காகவும் இதழோ இணையதளமோ சேனலோ செயலியோ நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கும் முதலாளிகளுக்கும்,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டு நீங்கள் ஒவ்வொருவராக இணையத்துக்குக் குடிபோனபோது எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துப்போனீர்கள். ராசிபலன் போனது, 'அவனுக்கு உன்னைப் பிடிக்குமா' என்று பத்துக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் குவிஸ் போனது, பாடகர்களின் காதல் முறிவுக் கதைகள் போயின, லிப் கிளாஸ் போனது. உடம்பைப் பற்றி வாசகிகள் எழுதிக் கேட்பதற்குப் பதில் சொல்லும் டாக்டர் பக்கம் மட்டும் போகவில்லை. அதை எங்கே வைத்தீர்கள்? உங்களில் ஒன்றிரண்டு பேர் அதை இன்னும் வைத்திருக்கிறீர்கள், தெரியும். மற்றவர்களுக்குத்தான் இந்த மடல்.

எந்தப் பக்கம் என்று மறந்தே போயிருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஜெர்மனியில் பிராவோ என்ற இதழ் 1956-இல் தொடங்கியது. 1969-இல் அதில் 'டாக்டர் சோமர்' வந்தார். பெயர்தான் புனைபெயர், ஆள் நிஜம்: மார்ட்டின் கோல்ட்ஸ்டைன் என்ற மருத்துவர், உளவியல் சிகிச்சையும் அளித்தவர். சுயஇன்பம் பற்றி எழுதியதற்காக 1972-இல் பிராவோவின் இரண்டு இதழ்களைச் சிறுவர்களுக்கு ஆகாதவை என்று அந்நாட்டு அரசின் வாரியம் பட்டியலில் போட்டது. அதற்காக அந்தப் பகுதியை யாரும் இழுத்து மூடவில்லை. ஆஸ்திரேலியாவில் டாலி என்றொரு இதழ், அதில் 'டாலி டாக்டர்'. 1993 முதல் 2016-இல் அச்சு நிற்கும்வரை மெலிசா காங் என்ற ஒரே மருத்துவர் அதை எழுதினார். 23 வருடம்! வந்த கடிதங்களிலெல்லாம் திரும்பத் திரும்ப இருந்தது ஒரே கேள்விதான் என்று அவர் சொல்லியிருக்கிறார்: நான் நார்மல்தானா?

பிரிட்டனில் 1964 முதல் 1993 வரை வந்த ஜாக்கி என்ற இதழில் கேத்தி, கிளேர் என்று இரண்டு அக்காக்கள் பதில் சொன்னார்கள். அப்படி இரண்டு பேர் இருந்ததே இல்லை, அலுவலகத்தில் யாருக்கு வேலை வந்ததோ அவர் எழுதினார். அந்தக் காலத்து இதழ்களைத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. காதலன் கிடைப்பதைத் தவிர ஒரு பெண்ணுக்கு வேறு கவலையே இருக்க முடியாது என்பதுபோல ஜாக்கி எழுதிக்கொண்டிருந்ததை ஏஞ்சலா மெக்ராபி என்ற ஆய்வாளர் 1970-களிலேயே பிரித்து மேய்ந்துவிட்டார், அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு கிடையாது. ஆனால் அந்த இதழ் முழுக்க மற்ற எல்லாப் பக்கங்களும் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தன, இதை வாங்கு, அப்படி நில், இப்படிச் சிரி என்று. அவள் வாயைத் திறந்தது அந்த ஒரு பக்கத்தில்தான்.

ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பத்து வயதுப் பெண். குளிக்கும்போது கை படுகிறது, ஒரு பக்க முலைக்காம்புக்கு அடியில் பொத்தான் அளவுக்குக் கெட்டியாக ஏதோ இருக்கிறது, அழுத்தினால் வலிக்கிறது. மறுபக்கத்தில் ஒன்றுமே இல்லை. அவளுக்குத் தெரிந்த வார்த்தை 'கட்டி', அந்த வார்த்தையோடு அவள் கேள்விப்பட்டிருக்கும் நோய் ஒன்றே ஒன்று. அம்மாவிடம் சொன்னால் அம்மா பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லை. ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தேடுகிறாள். 'மார்பில் கட்டி' என்று தேடினால் என்ன வரும் என்று நீங்களே ஒருமுறை அடித்துப் பாருங்கள். நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களுக்காக எழுதப்பட்ட புற்றுநோய் எச்சரிக்கைகள் வரிசையாக வந்து விழும். அவை தவறு என்று சொல்ல முடியாது, அவளுக்காக எழுதப்பட்டவை இல்லை, அவ்வளவுதான்.

அவளுக்குத் தேவையான பதில் எட்டு வரி. மார்பு வளரத் தொடங்குவது இப்படித்தான். பெரும்பாலும் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் நடுவில் தொடங்கும், ஒரு பக்கம் முந்திக்கொள்வது ரொம்பச் சகஜம், மறுபக்கம் சில மாதங்களில் வந்து சேர்ந்துகொள்ளும், வலியும் வழக்கமானதுதான். தொடங்கி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வருடத்தில் மாதவிடாய் வரும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே உள்ளாடையில் வெள்ளையாகப் படும், நாற்றமோ அரிப்போ இல்லாதவரை அது நோயில்லை. பீரியட்ஸ் வந்த பிறகும் முதல் ஒன்றிரண்டு வருடம் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும், காலண்டர் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்று மாதமாக வரவே இல்லை என்றாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது என்றாலோ மட்டும் டாக்டரைப் பார். முடிந்தது. இதைப் படித்துவிட்டு அந்தப் பெண் தூங்கப் போய்விடுவாள். நீங்கள் போன வாரம் போட்ட எந்த ரீல்ஸாவது யாரையாவது இப்படித் தூங்க வைத்திருக்கிறதா?

சரி, ஏன் எடுத்தீர்கள் என்பதற்கு வருகிறேன். பக்கம் போரடித்ததாலோ கடிதம் குறைந்ததாலோ இல்லை. அந்தப் பக்கத்தில் விற்க ஒன்றுமில்லை.

இந்த வகை இதழ்கள் பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. அமெரிக்காவில் செவன்டீன் 1944 செப்டம்பரில் வந்தது, முதல் இதழே 4 லட்சம் பிரதி விற்றது. ஹெலன் வாலன்டைன் என்ற அதன் முதல் ஆசிரியை அந்தப் பெண்களை மதித்தவர், உலக நடப்பையும் படிக்கத் தந்தவர். அதே அலுவலகத்தின் விளம்பரப் பிரிவோ 'டீனா' என்றொரு கற்பனைப் பெண்ணை உருவாக்கி நிறுவனங்களிடம் கொண்டுபோனது. இவள்தான் எங்கள் வாசகி, கையில் சொந்தக் காசு இருக்கிறது, வீட்டில் என்ன வாங்குவது என்பதிலும் இவள் பேச்சு எடுபடும், வாருங்கள் என்று. அன்றிலிருந்தே இரண்டு வாசகிகள். ஒருத்தி கடிதம் எழுதுகிறவள். இன்னொருத்தி விளம்பரதாரரிடம் காட்டுவதற்காகச் செய்தவள். பணம் இரண்டாமவள் பெயரில்தான் வருகிறது.

முதலாமவளுக்காக யாராவது உண்மையாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 1988-இல் தொடங்கிய சாஸி ஓர் உதாரணம். ஜேன் பிராட் ஆசிரியர், அவருக்கே அப்போது இருபதுகளில்தான் வயது. பாலுறவு பற்றி மழுப்பாமல், தோழியிடம் பேசுவதுபோல எழுதினார்கள். மதக் குழுக்கள் விளம்பரதாரர்களுக்குக் கடிதம் எழுதும் இயக்கம் நடத்தின, பெரிய விளம்பரங்கள் கழன்றுகொண்டன, இதழ் அந்த விஷயங்களைக் குறைத்துக்கொண்டது. பெண்கள் வாங்குவதை நிறுத்தியதால் நடந்ததில்லை இது.

இப்போது டாக்டர் போன இடத்தில் யாரை உட்கார வைத்திருக்கிறீர்கள் பார்ப்போம். பதினொரு வயதுக் குழந்தை. குளியலறைக் கண்ணாடி முன்னால் போன், தலைமுடியைப் பின்னுக்குத் தள்ள ஒரு துணி வளையம். 'என்னோடு சேர்ந்து ரெடியாகலாம் வாங்க' என்று வீடியோ ஆரம்பம். முதலில் ஃபேஸ்வாஷ், அப்புறம் டோனர், அப்புறம் ஒரு சீரம், அதன்மேல் இன்னொரு சீரம், அதற்கு மேல் கண்ணுக்குக் கீழே ஒரு கிரீம், எதற்கு என்று அவளுக்கும் தெரியாது, பாட்டிலை லேபிள் தெரிகிற மாதிரி பிடிக்க மட்டும் நன்றாகத் தெரிகிறது. அந்தச் சீரங்களில் ரெட்டினால் இருக்கிறது. ரெட்டினால் வயதான தோலின் சுருக்கத்துக்கும் வெயில் பட்டுக் கெட்டுப்போன தோலுக்கும் பயன்படும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது, தோலின் செல்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டும். பதினொரு வயதுத் தோல் அந்த வேலையைத் தானாகவே ஜோராகச் செய்துகொண்டிருக்கிறது. அதன்மேல் இதைப் போட்டால் சிவக்கும், உரியும், எரியும், வெயில் தாங்காது. தோல் மருத்துவர்கள் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். சுவீடனில் அப்போதெக் யார்ட்டாட் என்ற மருந்துக்கடைத் தொடர் 2024-இல், 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த முதுமை தடுப்பு ஸ்கின்கேர் பொருட்களை விற்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. விற்றுப் பிழைக்கிற கடையே வேண்டாம் என்கிறது, நீங்கள் அதே வாரத்தில் 'பள்ளிக்கூடம் திறக்குமுன் வாங்க வேண்டிய 12 ஸ்கின்கேர்' போடுகிறீர்கள்.

(முதுமை தடுப்பு, பதினொரு வயதில். எழுதும்போதே கை கூசுகிறது.)

பக்கத்துப் பக்கமே ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் வித்தை உங்களுக்குப் புதிதில்லை. இந்தப் பக்கம் 'நீ இருக்கிறபடியே அழகு', பக்கத்தைத் திருப்பினால் 'முகத்தின் குறைகளை மறைக்க ஏழு வழி'. உடம்பு விஷயத்தில் இது இன்னும் மோசம். பத்து வயதிலிருந்து பதினைந்து வரை ஒரு பெண்ணின் எடை கூடும், கூடத்தான் வேண்டும். உயரம் வேகமாக ஏறும், இடுப்பு அகலமாகும், கொழுப்பின் பங்கு அதிகமாகும், மாதவிடாய் சீராவதற்கு அந்தக் கொழுப்பு வேண்டும். வாழ்நாளுக்கான எலும்பு வலுவில் ஏறத்தாழ 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது, அதனால்தான் 9 முதல் 18 வயதுவரை நாளைக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் என்று சொல்கிறார்கள், பெரியவர்களுக்குச் சொல்வதைவிட அதிகம். அந்த நேரம் பார்த்து நீங்கள் அவளிடம் தட்டையான வயிற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள். உடம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அவள் அதைத் தோல்வி என்று படிக்கிறாள்.

படம் பார்த்தெல்லாம் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லக்கூடும். பிஜித் தீவுகளின் நட்ரோகா பகுதிக்கு டிவி வந்தது 1995-இல்தான். ஆன் பெக்கர் என்ற மருத்துவரும் அவரது குழுவும் டிவி வந்த கையோடு அங்கே பள்ளி மாணவிகளிடம் ஆய்வு செய்தார்கள், 1998-இல் வேறு மாணவிகளிடம் அதே ஆய்வைத் திரும்பச் செய்தார்கள். எடை குறைப்பதற்காகத் தானே வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதல் முறை ஒருவரும் இல்லை. மூன்று வருடம் கழித்து 11.3 சதவீதம். அத்தனையும் டிவியால்தானா என்று வாதாடலாம், ஆனால் அந்தப் பெண்களே திரையில் வருகிறவர்களைப் போல மெலிய வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார்கள். நன்றாகச் சதைப்பிடிப்பாக இருப்பதைப் பெருமையாக நினைத்த ஊர் அது.

அடுத்த சாக்கு, இதெல்லாம் சோஷியல் மீடியாவின் வேலை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்பது. அவர்கள் வேலை என்பதில் சந்தேகமே இல்லை. 2021-இல் வெளியே வந்த பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களில், டீன்ஏஜ் பெண்களில் மூன்றில் ஒருத்திக்குத் தன் உடம்பைப் பற்றிய மனக்குறையை இன்ஸ்டாகிராம் கூட்டுகிறது என்று அவர்களே எழுதிவைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தச் சட்டம் சரியா தப்பா என்பது வேறு சண்டை. ஆனால் நீங்கள் இன்று உட்கார்ந்திருப்பதும் அதே இன்ஸ்டாகிராமில்தானே? அதே ஃபில்டர், அதே இன்ஃப்ளூயன்சர், அதே 'இது விளம்பரம்' என்ற சொல் வீடியோவின் கீழ் மூலையில் எறும்பு சைஸில். டாலி 2016-இல் அச்சை நிறுத்தியது, டீன் வோக் 2017-இல் அச்சை நிறுத்தியது, செவன்டீன் 2018-இல் வழக்கமான அச்சு இதழ்களை விட்டு எப்போதாவது வரும் சிறப்பிதழ்களோடு நின்றுகொண்டது. கடை மாறியதே தவிர சரக்கு மாறவில்லை.

இன்னொன்றையும் கேள்விப்பட்டிருக்கிறேன்: பெண்களே இதைத்தான் கேட்கிறார்கள், க்ளிக் எண்ணிக்கையைப் பாருங்கள் என்று. க்ளிக் கேள்வி கிடையாது. முன்னால் வைத்ததைத் தொடுவதுதான் க்ளிக். அவர்கள் கேட்டபோது என்ன கேட்டார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. 2012-இல் அமெரிக்காவில் ஒரு 14 வயதுப் பெண், மாதத்துக்கு ஒரு படத்தொகுப்பையாவது கணினியில் திருத்தாமல் போடுங்கள் என்று செவன்டீனிடம் ஆன்லைன் மனு கொடுத்தாள். 80,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பெண்களின் உடல் வடிவத்தையோ முக வடிவத்தையோ மாற்றமாட்டோம் என்று அப்போதைய ஆசிரியர் ஆகஸ்ட் இதழில் எழுத்தில் உறுதி கொடுத்தார். எவ்வளவு சின்னக் கோரிக்கை பாருங்கள், மாதத்துக்கு ஒன்று! அதைக் கேட்கவே ஒரு குழந்தை இத்தனை ஆயிரம் கையெழுத்து சேர்க்க வேண்டியிருந்தது.

2016-இல் ஒரு படம் உலகம் சுற்றியது, உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் பையன்களுக்கான ஓர் இதழும் பெண்களுக்கான ஓர் இதழும் அக்கம்பக்கம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பையன் அட்டையில் பெரிய எழுத்தில் 'உன் எதிர்காலத்தைத் தேடு', விண்வெளி, தீயணைப்பு என்று. பெண் அட்டையில் 'உன் கனவுக் கூந்தல்'. ஒரு வரைகலைஞர் அந்தப் பெண் அட்டையைத் தானே மாற்றி வடிவமைத்து வெளியிட்டார். இதைப் பற்றி நான் விளக்க ஒன்றுமில்லை. கூந்தல் பற்றி எழுதக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை, எனக்கும் கூந்தல் மேல் ஆசை உண்டு. அட்டையில் இடம் எவ்வளவு இருக்கிறது, அதில் யாருக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

விளம்பரமே இல்லாமல் நடத்தலாமே என்று சும்மா அடித்துவிடவும் நான் தயாரில்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நியூ மூன் என்ற இதழ் விளம்பரமே இல்லாமல், சந்தாவை நம்பி, பெண் குழந்தைகளையே ஆசிரியர் குழுவில் வைத்து நடந்து காட்டியது. டாவி கெவின்சன் தன் பதினைந்தாவது வயதில், 2011-இல் தொடங்கிய ரூக்கி என்ற இணைய இதழோ 2018-இல் மூடப்பட்டது. எழுத்து சரியில்லாததால் மூடவில்லை, பணக்கணக்கு சரிவரவில்லை. பணம் வேண்டும், புரிகிறது. விளம்பரம் போடுங்கள். டாக்டர் பக்கத்தையும் போடுங்கள் என்கிறேன்.

போடும்போது சில விஷயங்களை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பதில் சொல்கிறவரின் பெயரும் படிப்பும் கீழே இருக்கட்டும், 'எங்கள் அழகுக்கலை நிபுணர் குழு' வேண்டாம். கேட்கிறவளின் பெயர் வேண்டாம். அச்சுக் காலத்தில் ஒரு தபால் உறை போதுமாக இருந்தது, அனுப்பியவள் யார் என்று உங்களுக்கே தெரியாது. இப்போது ஒரு கேள்வியைத் தட்டுவதற்குள் மின்னஞ்சல், பிறந்த தேதி, இருக்கும் இடம் எல்லாம் கேட்டு, கேட்டதை விளம்பரக் கம்பெனிக்கும் கொடுத்துவிடுகிறீர்கள். முகப்பரு பற்றிக் கேட்ட குழந்தையைப் பரு கிரீம் ஆறு மாதம் துரத்துகிறது. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இணையதளங்கள் திரட்டக்கூடாது என்று அமெரிக்காவில் 1998-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், ஆகவே இது நான் கண்டுபிடித்த புது நியாயம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் கிரீம் விளம்பரமும் கூடாது, அதற்கு அருகிலும் கூடாது, மேலே மிதந்து வரவும் கூடாது.

பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்ற பயம் உண்மையானது. பிரிட்டனில் 1996-இல் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், டீன்ஏஜ் இதழ்களின் அட்டையில் வயது போட வேண்டும் என்று மசோதா கொண்டுவரும் அளவுக்குப் போனது. இதழ்க்காரர்கள் பக்கத்தைக் கிழித்துப்போட்டுவிடவில்லை. தாங்களே ஒரு நடுவர் குழு அமைத்தார்கள், எதை எப்படி எழுதலாம் என்று விதி வகுத்தார்கள், புகார் வந்தால் அந்தக் குழு விசாரித்தது. வழி இருக்கிறது, வேலை கொஞ்சம் அதிகம். எட்டு வயதுக் குழந்தையும் பதினாறு வயதுப் பெண்ணும் ஒரே பக்கத்தைப் படிக்க வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதாகவோ, வீட்டில் ஒருவர் தப்பாகத் தொடுவதாகவோ ஒரு கேள்வி வந்தால் அது அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கும் கேள்வி இல்லை, அன்றைக்கே அவள் கண்ணில் குழந்தைகளுக்கான உதவி எண் படும்படி வைத்துவிட வேண்டும், யார் அதைக் கவனிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தைநல மருத்துவர் அல்லது மகளிர் மருத்துவர், வாரத்தில் ஒரு மாலை. வரும் கேள்விகளைப் பிரித்து அடுக்க ஒரு துணை ஆசிரியர், அவர் இப்போதே உங்கள் அலுவலகத்தில் செருப்புப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு சீரம் வீடியோவுக்கு இன்ஃப்ளூயன்சருக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை அந்த டாக்டருக்குக் கொடுங்கள், ஓசியில் கேட்காதீர்கள். முதல் வாரம் கேள்வி வராவிட்டால் மேலே நான் எழுதிய எட்டு வரியையே போட்டு ஆரம்பியுங்கள், என் பெயர் வேண்டாம், டாக்டரை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லிவிட்டுப் போடுங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து உங்கள் இன்பாக்ஸ் தாங்காது.

இப்படிக்கு,
உங்கள் இதழ்களைப் பின்பக்கத்திலிருந்து படித்து வளர்ந்த ஒருத்தி